உம்மா அனுப்புனாக, ஆலிமா!

பிஸ்மில்லாஹ். 



கைபேசி பழுதானதையும் அது சரிசெய்யப்பட்டதையும் பற்றி மார்க்கப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், அந்தப் பழுதின் காரணமாக என்னிடம் ஓதும் ஒரு சிறுமியை, இருபத்திரண்டு பிள்ளைகள் பார்த்திருக்க, பொய் சொல்லுகிறவள் என்று நான் பழித்துவிட்டேன். அவள் உண்மையைத்தான் சொன்னாள். சபையில் நிகழ்ந்த தவறைச் சபையிலேயே சொல்லித் தீர்ப்பதுதான் முறை என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

கீழக்கரையில் சிறுமிகளுக்கான மக்தப் ஒன்றில் பல ஆண்டுகளாக ஓதிக் கொடுத்து வருகிறேன். அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி மஃரிபுக்குச் சற்று முன்னர் வகுப்பு முடியும். வெள்ளிக்கிழமை விடுமுறை. பிள்ளை ஒரு நாள் வரவில்லையென்றால், வகுப்பு தொடங்குவதற்குள் வீட்டிலிருந்து ஒரு வரியாவது தகவல் வந்துவிட வேண்டும் என்பது எங்கள் மக்தபின் விதி. சிறுமிகள் தெருவழியே நடந்து வருகிறார்கள். வீட்டைவிட்டுப் புறப்பட்ட பிள்ளை மக்தபுக்கு வந்து சேர்ந்ததா என்பது உடனே தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஏற்படுத்திய விதி அது.

பெரும்பாலான தாய்மார் வாட்ஸ்அப்பில் தகவல் தருவார்கள். ஒரே ஒரு தாய் மட்டும் குறுஞ்செய்திதான் அனுப்புவார். அவருக்குச் சிறுவயதில் வந்த கடும் காய்ச்சலுக்குப் பின் செவிப்புலன் போய்விட்டது. பேச்சும் தெளிவாக வராது. தையல் வேலை செய்து வாழ்கிறார். அவரிடம் இருப்பது பழைய பட்டன் போன். செய்தி வந்தால் அது அதிரும். அவர் அதை எடுத்துப் படிப்பார், பதிலை ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி அனுப்புவார். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுவார். அதில் ஒரு கணக்கும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்குள் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ் எழுத்தில் எழுதினால் 70 குறிகளோடு முடிந்துவிடும், கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். நம்மைப் பொறுத்தவரை குறுஞ்செய்தி என்பது வங்கியும் விளம்பரக்காரர்களும் பயன்படுத்தும் வழி. அந்தத் தாய்க்கோ ஊரோடு பேசுவதற்கு இருக்கும் நாவே அதுதான்.

அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. ஒரு சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. தகவலும் இல்லை. ஞாயிறும் வரவில்லை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று ஆறு நாள்கள் கடந்தன. அவளுடைய பெயருக்கு நேரே ஒவ்வொரு நாளும் ஒரு சுழியம் இட்டேன். 'விதி தெரிந்திருந்தும் ஒரு வரி அனுப்ப மனம் வரவில்லையே' என்று அந்தத் தாயின் மீது மனத்தாங்கல் கொண்டேன். இரண்டு மாதச் சந்தா பாக்கி இருந்ததும் நினைவுக்கு வந்தது. அதனால்தான் ஒதுங்கிக் கொள்கிறார்போலும் என்று நானே முடிவு கட்டினேன். அவர்களுடைய வீடு மக்தபிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஆறு நாளில் ஒரு நாள்கூட நான் அந்த மூன்று தெருவைக் கடக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள். முகம் வாடியிருந்தது. அதையும் நான் சரியாகக் கவனிக்கவில்லை. "ஆறு நாளாக ஏன் வரவில்லை? ஒரு செய்தி அனுப்ப உன் உம்மாவுக்கு நேரம் இல்லையா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன்.

"உம்மா அனுப்புனாக, ஆலிமா" என்றாள்.

கைபேசியை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தாயின் பெயரில் கடைசியாக இருந்தது மூன்று வாரத்துக்கு முந்தைய செய்தி. திரையை அவளிடம் காட்டி, "இதோ பார், எதுவும் வரவில்லை. ஓத வருகிற இடத்தில் பொய் சொல்லலாமா?" என்றேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. தலையைக் குனிந்து முஸ்ஹஃபைத் திறந்து வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அவளைப் பார்த்த பார்வையை நான் இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

மறுநாள் ஞாயிறு முற்பகலில் சமையல் எரிவாயு உருளை வந்தது. கொண்டுவந்தவர் உருளையைத் திண்ணையில் இறக்கிவிட்டு, "அம்மா, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்றார். அப்படி எதுவும் வரவில்லை. அவர் மீண்டும் அனுப்பச் செய்தார். அப்போதும் வரவில்லை. வங்கி வேலையாக இரண்டு நாள் முன்பு காத்திருந்த ஓடிபியும் வராமல் போனது அப்போதுதான் நினைவில் தட்டியது. அதை வங்கியின் கோளாறு என்று விட்டிருந்தேன். சோதித்துப் பார்ப்போம் என்று என் கணவரின் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். 'அனுப்ப முடியவில்லை' என்று சிவப்புக் குறி விழுந்தது. அழைப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. வாட்ஸ்அப்பும் ஒருவாறு இயங்கிக்கொண்டிருந்தது. குறுஞ்செய்தி மட்டும் உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

வராத செய்தியைப் பற்றி ஒருவருக்கு எப்படித் தெரியும்? வந்த செய்தி தன்னை அறிவித்துக்கொள்ளும். வராத செய்திக்கு ஓசை இல்லை, அடையாளமும் இல்லை. என் திரையில் எதுவும் இல்லை என்பதை, அந்தத் தாய் எதுவும் அனுப்பவில்லை என்பதற்குச் சாட்சியமாக நான் எடுத்துக்கொண்டேன். அந்தச் சாட்சியத்தை வைத்து ஒரு குழந்தைக்குத் தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

உருளையை இறக்கியவரிடம் மாலையில் வரும்படி சொல்லிவிட்டு, கைபேசியை எடுத்துக்கொண்டு என் காக்கா மகனுடைய கடைக்குப் போனேன். அவன் கைபேசி பழுது பார்ப்பவன். நான் பதற்றத்தோடு சொன்னதைக் கேட்டுவிட்டு, "உட்காருங்க மாமி, ஒவ்வொண்ணாப் பார்ப்போம்" என்றான்.

முதலில் ஃப்ளைட் மோடை இட்டு எடுத்தான். கைபேசியை அணைத்து மீண்டும் இயக்கினான். ரீசார்ஜ் காலம் முடிந்துவிட்டதா என்று பார்த்தான், முடியவில்லை. சிம் அட்டையைக் கழற்றித் துடைத்து வேறொரு கைபேசியில் இட்டுப் பார்த்தான். அதிலிருந்து குறுஞ்செய்தி போனது. ஆகவே சிம்மிலும் கோபுரத்திலும் குறையில்லை என்றான். பிறகு என் கைபேசியிலேயே சிம்மை இட்டு, செய்தி மையத்தின் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். நாம் அனுப்பும் குறுஞ்செய்தி நேராக அடுத்தவர் கைக்குப் போவதில்லை. முதலில் நிறுவனத்தின் செய்தி மையத்துக்குப் போய், அங்கிருந்துதான் உரியவருக்குச் செல்கிறது. அந்த எண் தவறினால் எதுவும் வெளியே போகாது. அதுவும் சரியாகவே இருந்தது. தடை செய்த எண்களின் பட்டியலைப் பார்த்தான். குறுஞ்செய்திக்கென நியமிக்கப்பட்ட செயலி மாறிவிட்டதா என்று பார்த்தான். எல்லாம் சரி.

கடைசியாகச் சேமிப்பிடத்தைத் திறந்தான். திறந்ததும் சிரித்துவிட்டான். "மாமி, வீடு நிறைஞ்சுபோச்சு. புதுசா வர்ற விருந்தாளி நிற்கக்கூட இடம் இல்ல" என்றான்.

என்னுடையது 32 ஜிபி கொள்ளளவுள்ள பழைய கைபேசி. கைபேசியை இயக்கும் அமைப்பும் செயலிகளும் அதில் பெரும் பகுதியை எடுத்துக்கொண்டுவிடும். எஞ்சியிருந்த இடம் முழுவதையும் வாட்ஸ்அப் படங்களும் காணொளிகளும் நிறைத்திருந்தன. அவன் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். ஜும்ஆ முபாரக் என்று பூக்களோடு வந்த படங்கள். ஒரே பயான் நான்கு குழுக்களிலிருந்து நான்கு முறை வந்து, நான்கு முறையும் தானாகவே இறங்கியிருந்தது. ரமளானில் வந்த வாழ்த்துகள், பெருநாள் வாழ்த்துகள், காலை வணக்கத்துக்குப் பதிலாக வரும் காலை துஆக்கள். பலவற்றை நான் ஒரு முறைகூடத் திறந்து பார்த்ததில்லை. சேமிப்பிடம் நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை சில நாள்களாகவே திரையின் மேற்புறத்தில் வந்துகொண்டிருந்தது. விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் திறக்கவில்லை என்றால் இரண்டொரு படத்தை நீக்குவேன். அந்த இடம் அன்றைக்கே மறுபடியும் நிறைந்துவிடும்.

தேவையற்றதையெல்லாம் நீக்கி, தானாக இறங்கும் வசதியையும் நிறுத்திவிட்டு, கைபேசியை மீண்டும் இயக்கினான். சற்று நேரத்தில் அது அதிரத் தொடங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது செய்திகள் வந்து விழுந்தன.

நான் வியப்போடு பார்த்தேன். அவன் விளக்கினான்: இடம் இல்லாதபோது கைபேசி செய்தியை ஏற்க மறுத்துவிடும். செய்தி மையம் அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அவ்வப்போது முயன்று பார்க்கும். இடம் கிடைத்ததும் கைபேசி, தான் தயார் என்று தெரிவிக்கும், மையம் அனுப்பி வைக்கும். ஆனால் எத்தனை நாளானாலும் காத்திருக்காது. ஒரு தவணை உண்டு. அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். தவணை கடந்தால் செய்தி அழிந்துவிடும். அதன்பின் அது எவருக்கும் கிடைக்காது.

இன்னொன்றையும் சொன்னான். பட்டன் போனில் 'அனுப்பப்பட்டது' என்று காட்டினால், செய்தி மையம் அதைப் பெற்றுக்கொண்டது என்பதே அதன் பொருள். உரியவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அது சான்றாகாது. அதை அறிய வேண்டுமானால், சேர்ந்ததைத் தெரிவிக்கும் அறிக்கையைத் தனியே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

வந்த ஒன்பதில் எட்டு, வங்கி, எரிவாயு, விளம்பரம் ஆகியவை. ஒன்று அந்தத் தாயுடையது. வெள்ளிக்கிழமை மாலை அனுப்பியது. அதன் செய்தி இது: பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது, நாளை வருவாள், மூன்று செய்தி அனுப்பினேன் பதில் இல்லை, என் மேல் கோபமா ஆலிமா, சந்தா பணத்தை இந்த மாதக் கடைசியில் கண்டிப்பாகத் தந்துவிடுகிறேன்.

கடையிலிருந்து நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்று தெருக்கள்தான்.

என்னைக் கண்டதும் அந்தத் தாய் தையல் எந்திரத்தைவிட்டு எழுந்து வந்தார். நான் ஒரு தாளில் நடந்ததை எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, தம் போனை எடுத்து, அனுப்பிய செய்திகளைத் திறந்து என் கையில் கொடுத்தார். சனிக்கிழமை: பிள்ளைக்குக் காய்ச்சல், இன்று வரமாட்டாள். திங்கட்கிழமை: காய்ச்சல் குறையவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், டாக்டர் சொல்வது எனக்குக் கேட்காது, நீங்கள் கொஞ்சம் கூட வர முடியுமா? புதன்கிழமை: சேர்த்திருக்கிறார்கள், துஆ செய்யுங்கள்.

திங்கட்கிழமைச் செய்தியை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்க, தம் செவியாக இருக்கும்படி அவர் என்னைத்தான் கேட்டிருக்கிறார். பதில் இல்லை. தனியாகவே போயிருக்கிறார். மருத்துவர் சொன்னதைத் தாளில் எழுதித் தரும்படி சைகையால் கேட்டும், காய்ச்சலில் கிடந்த பிள்ளையே எழுந்து அமர்ந்து உம்மாவுக்குச் சைகையில் சொல்லியும் அந்த நாள்களைக் கடத்தியிருக்கிறார்கள். சந்தா பாக்கிக்காக நான் முகம் கொடுக்கவில்லை என்று அவர் எண்ணியிருக்கிறார். சந்தா பாக்கிக்காக அவர் முகம் காட்டவில்லை என்று நான் எண்ணியிருக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவே கிடந்தது நிறைந்துபோன ஒரு கைபேசி. அதன்மேல் இந்த ஐயங்களை அடுக்கியவர்கள் நாங்கள்தாம்.

சூரத்துல் ஹுஜுராத்தை நான் எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளிந்துகொள்ள வேண்டும், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்று அதன் 6ஆம் வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். ஐயம் கொள்வதில் பெரும்பகுதியைத் தவிர்ந்துகொள்ளும்படி 12ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறான். வந்த செய்தியையே விசாரிக்க வேண்டும் என்றால், வராத ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்வது எத்தகைய துணிச்சல்! சகோதரனிடம் குறை கண்டால் அவனுக்காக எழுபது காரணங்களைத் தேடிப் பார் என்று முன்னோர் சொல்லியிருக்கிறார்கள். இது நபிமொழி அன்று, நல்லோர்களின் வாக்கு. எழுபது வேண்டாம், 'செய்தி வந்து சேராமல் இருக்கலாம்' என்ற ஒரே ஒரு காரணத்தை நான் எண்ணிப் பார்த்திருந்தால் போதும்.

சூரா அபஸவையும் அந்த வாரம்தான் பிள்ளைகளுக்கு மனனம் செய்வித்துக்கொண்டிருந்தேன். பார்வையற்ற தோழரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மார்க்கம் கற்க ஆவலோடு வந்த வேளையில், குறைஷித் தலைவர்களுக்குச் சத்தியத்தை எடுத்துரைப்பதில் நபி (ஸல்) அவர்கள் முழுக் கவனத்தோடு இருந்தார்கள். அந்நிகழ்வையொட்டி இறங்கிய சூரா அது. ஊரின் பெரிய மனிதர்களைவிட, தேடி வந்த அந்த எளிய மனிதரைக் கவனிப்பதே மேல் என்று அல்லாஹ் உணர்த்தினான். அதன்பின் அந்தத் தோழருக்கு நபியவர்கள் காட்டிய மதிப்பு எத்தகையது! பாங்கு சொல்லும் பொறுப்பை அளித்தார்கள். தாம் பயணம் சென்ற வேளைகளில் மதீனாவையே அவருடைய பொறுப்பில் விட்டுச் சென்றார்கள். நபியவர்கள் ஈடுபட்டிருந்தது உயர்ந்த அழைப்புப் பணியில். என் கைபேசியில் நிறைந்திருந்தவையோ நான் திறந்துகூடப் பாராத வாழ்த்துப் படங்கள். அவற்றை வைத்திருந்த இடத்தில், செவிகேளாத ஒரு தாயின் ஒற்றை வரிக்கு இடமில்லாமல் போயிற்று.

அந்தப் பிள்ளையின் முன் அமர்ந்து, "நேற்று நீ உண்மையைத்தான் சொன்னாய். நான்தான் தவறு செய்தேன். என்னை மன்னிப்பாயா?" என்று கேட்டேன். அடியார்களுக்கு இழைத்த அநீதியை இம்மையிலேயே அவர்களிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டும், தீனாரும் திர்ஹமும் பயன்படாத நாள் வருவதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த பாடம். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் பட்ட கடனும் கடன்தான். அவள் உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரி, ஆலிமா" என்றாள். அடுத்து அவள் கேட்டது: "ஆறு நாளு வரலைல, அபஸ சூராவுல எல்லாரும் எதுவரைக்கும் போயிட்டாக?"

அன்று அஸருக்குப் பின், முந்தைய நாள் எந்த இடத்தில் அவளைப் பழித்தேனோ அதே இடத்தில் அதே பிள்ளைகளின் முன் நடந்ததைச் சொன்னேன். அவள் பொய் சொல்லவில்லை என்றும், விசாரிக்காமல் பேசியது ஆலிமாவின் பிழை என்றும் சொன்னேன். ஓர் ஆசிரியை பிள்ளைகளிடம் தம் பிழையை ஒப்புக்கொண்டால் மரியாதை குறையும் என்று பயந்திருந்தேன். வகுப்பு முடிந்து போகையில் இரண்டு சிறுமிகள் அவளுடைய பையைத் தாங்களே தூக்கிக்கொண்டு போனார்கள். அல்ஹம்துலில்லாஹ், அந்தக் காட்சி எனக்குப் போதுமாயிருந்தது.

இப்போது மக்தபின் விதியில் இரண்டு வரிகள் கூடியிருக்கின்றன. எந்தச் செய்தி வந்தாலும் 'கிடைத்தது' என்று ஒரு சொல்லாவது பதில் அனுப்ப வேண்டும். தகவலின்றி இரண்டு நாள் ஒரு பிள்ளை வரவில்லையென்றால், மூன்றாம் நாள் நாங்களே அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அந்தத் தாய் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் உடன் செல்ல எங்களில் மூவர் முறை வைத்திருக்கிறோம்.

படிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கைபேசியில் குறுஞ்செய்தி நின்றுபோனதாகத் தோன்றினால், சேமிப்பிடத்தை முதலில் பாருங்கள். அடுத்து ரீசார்ஜ் காலம், தடை செய்த எண்கள், வேண்டாத செய்திகள் ஒதுங்கும் பகுதி, குறுஞ்செய்திக்கு எந்தச் செயலி நியமிக்கப்பட்டிருக்கிறது என்பது, இரண்டு சிம் இருந்தால் எதிலிருந்து செய்தி போகிறது என்பது ஆகியவற்றைப் பாருங்கள். சிம் அட்டையைப் புதிதாக மாற்றியிருந்தால், மோசடியைத் தடுப்பதற்காக முதல் 24 மணி நேரம் நம் நாட்டில் குறுஞ்செய்தியை நிறுத்தி வைப்பார்கள். அதற்காகப் பதற வேண்டாம். சிம்மை வேறு கைபேசியில் இட்டுப் பார்த்தால், குறை சிம்மிலா கைபேசியிலா என்பது தெரிந்துவிடும். பழுது பார்க்கக் கொடுக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். பிறர் உங்களை நம்பி எழுதியவை அதில் இருக்கின்றன, அவை அமானிதம். வாரம் ஒரு முறை வீட்டில் உள்ள ஒருவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பதிலும் வாங்கிப் பாருங்கள். அரை நிமிட வேலைதான்.

கைபேசி சரியாகிவிட்டது. ஆனால் அந்த மூன்று செய்திகளும் இனி ஒருபோதும் என்னிடம் வரமாட்டா. அவற்றுக்கு நான் தந்திருக்க வேண்டிய பதில்கள் என்மீது கடனாகவே இருக்கின்றன. நம்மை நம்பிக் குரல் கொடுப்பவர்களின் குரல் நம்மை வந்தடையும்படி அல்லாஹ் நம் உள்ளங்களில் இடம் வைப்பானாக! தீய எண்ணங்களிலிருந்து நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.